அண்ணன் பார்க்காத ஆட்டம்

மாடிப்படியில் விழுந்த நாளிலிருந்து, தையற்காரிக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் சொன்னபடி கேட்பதில்லை. அந்த வரிசையில் தன் அண்ணனும் சேர்த்தி என்பது, கேரம் ஆடத் தொடங்கிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

கருவி எளியது. பலகையின் விளிம்பில் பொருந்தும் சிறு மரக்குழல், உள்ளே சுருள்வில், அதன் முன்னே ஸ்ட்ரைக்கர். சக்கர நாற்காலியிலிருந்து நீளும் கம்பியின் முனையில் ஒரு பொத்தான். தாடையால் அழுத்தினால் வில் விடுபட்டு ஸ்ட்ரைக்கர் பாயும். குழலைத் திருப்பவும் வில்லை இழுத்து வைக்கவும் மட்டுமே இன்னொருவர் கை தேவை. அந்தக் கை, பேருந்து ஓட்டும் அண்ணனுடையது. வினை அங்கேதான் குடியேறியது.

"இடது பக்கம் ஒரு நூல்" என்பாள். அவன் இரண்டு நூல் திருப்புவான். காய் குழியில் விழும். கேரம் மன்றத்து அறையே கைதட்டும். அவளுக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

அன்று எதிரே அமர்ந்தவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். மற்றவர்கள் அவளுக்காக விட்டுக்கொடுத்தபோதும், ஒரு காயைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர்.

"தங்கச்சி, இன்னிக்கு என்கூட ஆடப்போறது நீயா, உங்க அண்ணனா? அண்ணன்தான்னா சொல்லிடு, உன் நாற்காலியைத் தள்ளி வெச்சுட்டு அவரு தாராளமா உக்காரலாம்."

சுருக்கென்றது அவளுக்கு. அவர் கேட்டதில் தவறேதும் இல்லை என்பதுதான் அதிகமாக வலித்தது.

"அண்ணா, பலகைக்கு முதுகைக் காட்டி உக்காரு. நான் சொல்றதை மட்டும் செய்."

"கண்ணைக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்டச் சொல்றியேம்மா!"

"ஓட்டுறது நான். நீ வெறும் ஸ்டியரிங்."

முனகியபடி திரும்பி அமர்ந்தான். கைகளைப் பின்னால் நீட்டிக் குழலைப் பிடித்தான். முதல் காய் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதற்கு அவள் சொன்ன கணக்கு பிசகு. சொன்ன மாத்திரத்தில் அவளுக்கே தெரிந்தது. அதுவும் விழுந்தது.

தலையைத் திருப்பி அவன் பார்வை போகும் இடத்தைப் பார்த்தாள். அவனுக்கு எதிரே இருந்த அலமாரிக் கண்ணாடிக்கதவில் கேரம் பலகை பளிச்சென்று தெரிந்தது. பேருந்துக் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தே காலம் தள்ளுகிறவனுக்கு முதுகைக் காட்டுவது ஒரு தடையா?

"உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்!"

"நீ செய்யுற நல்லதுல நான் வேடிக்கை பாக்குறவளா ஆயிட்டேன். என் தப்பையாவது எனக்கு விட்டு வை, அண்ணா." பிறகு எதிரே திரும்பினாள். "அந்த மூணு காயும் என்னோடது இல்ல. எடுத்துப் பலகையில வைங்க."

கடிகாரக்காரர் காய்களை எடுத்து வைத்தார். தம் தோளிலிருந்த துண்டையும் எடுத்து அண்ணன் தலையில் போட்டு மூடினார்.

"ஐயோ, எண்ணெய் நாத்தம்!"

"மூச்சை அடக்கிக்க. ஆட்டம் சீக்கிரம் முடிஞ்சுடும்."

சிவப்புக் காய்வரை அவள் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. "வலது, அரை நூல். நிறுத்து. வில்லை முழுசா இழு." தாடை இறங்கியது. சிவப்பு ஓரச் சட்டத்தில் மோதித் திரும்பி, குழியின் வாயில் நின்றுகொண்டது. ஸ்ட்ரைக்கர் வேறொரு குழியில் விழுந்தது. அடுத்த இரண்டு அடியில் சிவப்பையும் தம் கடைசிக் காயையும் போட்டுக் கடிகாரக்காரர் ஆட்டத்தை முடித்துவிட்டார்.

துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "என்னாச்சு? நான் பாத்திருந்தா உள்ளே தள்ளியிருப்பேன்ல?"

"தள்ளியிருப்பே. வில்லை அதிகமா இழுக்கச் சொன்னது நான். தோத்ததும் நான்தான்" என்றாள் அவள். "துண்டை எடுக்காதே. அடுத்த ஆட்டம் இருக்கு."