மூடிக்குச் சரி, விமானத்துக்குத் தப்பு

பிள்ளைகளா, உங்கள் இரண்டு பேருக்கும் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அதனால் சின்னச் சின்ன வாக்கியமாகவே எழுதுகிறேன். கலர் பார்த்து அடிப்பதில் அப்படி என்ன பெரிய வேலை என்று போன வாரம் கேட்டீர்கள். மனுஷனைப் பைத்தியமாக்குகிற வேலை அது. ஒன்று சொல்கிறேன், கேளுங்கள்.

1

அறுபதுகளின் நடுவில் பம்பாயில், தாராவியில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். அதற்கு முன்னால் தகர டிரங்குப் பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். இங்கே தேக்கில் விமானம் செதுக்கி, பெயிண்ட் அடித்து, மேசையில் வைக்கிற மாதிரி ஸ்டாண்டில் நிறுத்திக் கொடுப்பார்கள். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. முதல் நாளே சொல்லிவிட்டார்.

"ஏ செல்லையா, ஒரு மாசம் பாப்பேன். கை சரியா வந்தா இரி. இல்லன்னா ஒன் பெட்டிக்கே போயிரு."

இரண்டாவது வாரம் மாட்டுங்காவிலிருந்து வைத்தியநாதன் சார் வந்தார். விமானப்படையில் பெயிண்ட் ஸ்டோரில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு ஷோகேஸில் வைக்க ஒரு முழ நீளத்தில் ஹண்டர் ஜெட் வேண்டும் என்றார். மேலே பச்சையும் சாம்பலும் திட்டுத் திட்டாக, அடியில் வெள்ளி. பையிலிருந்து ஒரு டப்பா மூடியை எடுத்தார். அதில் பாதி பச்சை, பாதி சாம்பல்.

"நிஜ ப்ளேனுக்கு அடிச்ச பெயிண்ட்ப்பா இது. ஒரு பொட்டு மாறப்படாது."

மாறவில்லை. இரண்டு நாள் கலந்தேன். ஈரத்தில் ஒரு கலர், காய்ந்தால் ஒரு கலர் காட்டும். அதனால் தகரத் துண்டில் அடித்து, காயவிட்டு, மூடியோடு வைத்துப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். கடைசியில் மூடியை இறக்கை மேல் வைத்தால் மூடி எது, இறக்கை எது என்று தெரியவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை சார் வந்து பார்த்தார். முகம் சுளித்தார்.

"என்னப்பா, கரி அப்பினாப்ல இருக்கு? இது என் ப்ளேனே இல்லை."

மூடியை வைத்துக் காட்டினேன்.

"மூடி சரிதான். ப்ளேன்தான் சரியில்லை."



2

தின்னர் போட்டு எல்லாவற்றையும் வழித்தேன். உப்புத்தாளில் மரம் தெரியத் தேய்த்தேன். பிரைமரிலிருந்து தொடங்கினேன். மறுபடி கலந்தால் மறுபடி அதே பச்சைதான் வந்தது. மூடி அப்படிச் சொன்னால் நான் என்ன செய்ய? அடுத்த சனிக்கிழமை சார் வந்தார். இல்லை என்று தலையை ஆட்டினார். போய்விட்டார்.

அண்ணாச்சி கத்தினார். "ரெண்டு மட்டம் ஆச்சு வே. இனியும் திரும்பிச்சுன்னா நீ கிளம்பிரு. சும்மா காலிபீலி என் தேக்கத் தேச்சே தீத்துருவ போலிருக்கு!"

திங்கட்கிழமை காலை, நான் குடியிருந்த சுனாபட்டியில் பஸ்ஸுக்கு நின்றேன். தூரத்தில் பஸ் வந்தது. வெளுத்த செங்கல் நிறம். பழைய வண்டி போல, பெயிண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து நின்றதும் பார்த்தால் புத்தம் புதுச் சிவப்பு. பின்னால் இன்னொன்று, அதுவும் அப்படியே. இத்தனை வருஷம் அந்தப் பஸ்ஸில் ஏறியிருக்கிறேன், ஒரு நாளும் கவனிக்கவில்லை.

அன்று பச்சையிலும் சாம்பலிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளை சேர்த்தேன். மூடியை மேசை டிராயருக்குள் போட்டு மூடிவிட்டேன்.

3

சனிக்கிழமை சார் வாசலில் நுழையும்போதே நின்றுவிட்டார்.

"இதேதாம்ப்பா! இதுதான் என் ப்ளேன்!" பிறகு, "மூடி எங்கே?" என்றார்.

கொடுத்தேன். இறக்கை மேல் வைத்தார். வெளுப்பு பளிச்சென்று தெரிந்தது.

"ஒத்துப்போகலையே!"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "சார், உங்களுக்கு மூடி வேணுமா, பிளேன் வேணுமா?"

"ஏலே, யார்ட்ட பேசுத?" என்று அண்ணாச்சி எழுந்தார்.

நான் நிறுத்தவில்லை. "சார், பிளேன எங்க நின்னு பாப்பீங்க?"

"ஸ்டோர் வாசல்லேர்ந்து. ரன்வே அந்தப் பக்கம், நல்ல தூரம்."

"மூடிய?"

"கையில வச்சு..." என்று ஆரம்பித்தவர் விமானத்தைத் தூக்கிப் பார்த்தார். எட்ட வைத்துப் பார்த்தார். "பேக் பண்ணுங்கோ" என்றார். என்னைப் பார்க்கவே இல்லை.

அவர் போனபின் அண்ணாச்சி சொன்னது இவ்வளவுதான். "வாயக் கொற. திங்கக்கெழம அடுத்த பிளேனுக்கு பிரைமர் அடி."

நான் கற்றது இது. ஒரு முழ நீள விமானத்தைப் பார்க்கும்போது கண் அதைத் தூரத்தில் நிற்கிற பெரிய பொருளாகத்தான் எடுத்துக்கொள்ளும். உருவத்தைச் சிறிதாக்கினால் கலரையும் கொஞ்சம் வெளுக்க வேண்டும். அதைவிட முக்கியம், இதையெல்லாம் மெதுவாகக் கேட்கலாம். நான் பெரியவரிடம் கத்தியது தப்பு.

அன்று மத்தியானம் பட்டறையில் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் போகவில்லை. எப்படியும் டிரங்குப் பெட்டிக்குத்தான் திரும்ப வேண்டும் என்று நினைத்து, அன்று காலையே பெட்டிக்கு அடிக்கும் என் பழைய தட்டைப் பிரஷைப் பட்டறைப் பின்பக்கம் மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருந்தேன். அதை எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மயிரை விரலால் நீவி நேராக்கி, பேப்பரில் சுற்றி, பரண் மேல் எட்டாத மூலையில் தள்ளி வைத்தேன்.