சரோஜம்மாள் மாற்றிய பட்டியல்

திம்மராயன் ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் எட்டு வருடம் தரப் பரிசோதகராக இருந்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூருக்கு பஸ் ஏறிப் போய் கம்ப்யூட்டர் படித்தான். தொண்ணூற்றெட்டில் வேலையை விட்டான். பாகலூர் ரோட்டில் மாடியில் ஓர் அறை பிடித்து, ஒரு கம்ப்யூட்டரும் டெலிபோனும் வைத்துக்கொண்டு, வெப்சைட் செய்து தருவதாக போர்டு மாட்டினான். ராயக்கோட்டையில் தக்காளி போடும் அவன் அப்பா மாதப்பன் வந்து போர்டைப் பார்த்துவிட்டு, "இத வாங்குறவன் கடைசில எதத் தூக்கினு போவான்?" என்று கேட்டார்.

முதலில் அவனை நம்பி வந்தவர் சரோஜம்மாள். கெலமங்கலம் ரோட்டில் பிளாஸ்டிக் கூரை வேய்ந்த மூன்று பாலிஹவுஸ் போட்டு ரோஜா வளர்த்து சிங்கப்பூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். தோட்டத்து ஆட்களிடம் தெலுங்கு, விமான நிலையத்துக்குப் பூ ஏற்றிப் போகும் டிரைவரிடம் கன்னடம், திம்மராயனிடம் தமிழ். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு பக்கம். தோட்டத்தின் போட்டோ, போன் நம்பர், அதற்குக் கீழே எந்த நிறத்தில் எத்தனை பூ இருக்கிறது என்று ஒரு பட்டியல்.

பட்டியல்தான் பாடாய்ப் படுத்தியது. பூவின் கணக்கு வாரத்துக்கு மூன்று முறை மாறும். ஒவ்வொரு முறையும் சரோஜம்மாள் போன் செய்ய வேண்டும், திம்மராயன் மாற்ற வேண்டும். அவன் வெளியே போயிருந்தால் அன்றைக்கு மாறாது.

"என் தோட்டத்துல எத்தனை பூ கீதுன்னு எழுதறதுக்கு உன்னைய தேடிக்கினு இருக்கணுமா தம்பி? எங்கிட்டயும் கம்ப்யூட்டர் கீது, இன்டர்நெட் லைன் கீது. எப்பிடின்னு சொல்லிக் குடு" என்றார் ஒருநாள்.

நியாயமான பேச்சு. சொல்லிக் கொடுத்தான். அடுத்த வாரமே, எண்ணை மாற்றும்போது அதை ஒட்டியிருந்த ஒரு கட்டளைக் குறியையும் சேர்த்து அழித்துவிட்டார். பாதிப் பக்கம் காணாமல் போய், போன் நம்பரும் அதோடு போயிற்று. திம்மராயன் ஓடிப்போய் சரிசெய்தான். அவருக்குத் தன்மேலேயே கோபம். "ஒரே ஒரு புள்ளி மாதிரி இருந்துச்சு, அத போயி..." என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

அவர் எதைத் தொட்டாலும் உடையாதபடி ஒரு வழி செய்ய வேண்டும் என்று அப்போதுதான் அவனுக்குத் தோன்றியது. பட்டியலை மட்டும் தனி ஃபைலாகப் பிரித்தான். அது கெட்டாலும் மற்ற பக்கம் நிற்கும். அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் செல்லும்படி வேறொரு பாஸ்வேர்டு வேண்டுமென்று, சைட்டுக்கு இடம் வாடகைக்குத் தந்திருந்த பெங்களூர் கம்பெனிக்கு போன் செய்தான். மறுமுனையில் இருந்தவன் முழுதாகக் கேட்டுவிட்டு, "ஆகல்ல சார்" என்று கன்னடத்தில் கைவிரித்தான். ஒரு சைட்டுக்கு ஒரு பாஸ்வேர்டுதான். கொடுத்தால் முழு வீட்டுச் சாவியையும் கொடுக்க வேண்டும்.

கொடுத்தான். கூடவே ஒரு தாளில் ஏழு வரியில் தமிழில் எழுதி, அவருடைய கம்ப்யூட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினான். ஆறாவது வரி: லைன் போட்டு ஃபைலை அனுப்பவும். ஏழாவது வரி: பக்கத்தைத் திறந்து சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும். இரண்டு மாதம் நன்றாகவே போயிற்று. சரோஜம்மாள் போன் செய்தால் இப்போது பெருமையடித்துக்கொள்ளத்தான். "இன்னிக்கி நானே மாத்திட்டேன் தம்பி!"

தொண்ணூற்றொன்பது ஜனவரியில் பனி கடுமையாக இருந்தது. சிவப்பு ரோஜா இருந்த பாலிஹவுஸில் சாம்பல் நோய் வந்து, பிப்ரவரி காதலர் தினத்துக்கென்று வைத்திருந்த மொட்டு முழுவதும் வீணாயிற்று. மேஸ்திரி முனிசாமி வந்து சொன்ன அன்றே சரோஜம்மாள் உட்கார்ந்து பட்டியலில் சிவப்புக்கு நேரே இருந்த நாலாயிரத்தை அழித்து "இல்லை" என்று போட்டார். லைன் போட்டு அனுப்பினார். பக்கத்தைத் திறந்தார். "இல்லை" என்று இருந்தது. துக்கத்திலும் அந்த ஒரு வேலை முடிந்ததென்று எழுந்தார்.

மறுநாளே சிங்கப்பூரிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. பட்டியலைப் பார்த்தோம், நாலாயிரம் சிவப்பு ரோஜாவையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம், வேறிடத்தில் பேசியிருந்ததை நிறுத்திவிட்டோம், எந்த விமானம் என்று சொல்லுங்கள்.

அவர் கூப்பிட்டதும் திம்மராயன் கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போனான். சரோஜம்மாள் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தார்.

"பாரு தம்பி, நீயே பாரு. இல்லைன்னுதான கீது? அந்தாளு எந்தப் பட்டியலப் பாத்தான்?"

திரையில் "இல்லை" என்றுதான் இருந்தது. திம்மராயன் மேலே முகவரியைப் பார்த்தான். அவர் திறந்திருந்தது அவருடைய கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்த ஃபைலை. அன்றைக்கு அனுப்பும்போது நடுவில் லைன் அறுந்திருக்கிறது. ஃபைல் போகவேயில்லை. உலகம் முழுக்க நாலாயிரம் சிவப்பு ரோஜா இருந்தது, இந்த ஒரு அறையில் மட்டும் இல்லை.

எப்படிச் சொல்வது? மெதுவாகச் சொன்னான். அவர் திரையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா எனக்கு எப்பிடிப்பா தெரியும்?"

"தெரியாதுங்கம்மா."

"நீ எழுதி ஒட்டினதுல ஒரு வரி கூட உடல நான்."

"நீங்க பண்ணதெல்லாம் சரிதாங்கம்மா. எங்க தொறந்து பாக்கணும்னு நான்தான் எழுதல."

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் கையால் பக்கம் உடையாமல் இருக்க என்னென்னவோ யோசித்தவன், பக்கம் அவரை ஏமாற்றக்கூடும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. தொழிற்சாலையில் எட்டு வருடம் பிசகு கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன்.

பூ இல்லை என்று சரோஜம்மாள் அனுப்பிய ஃபேக்ஸுக்கு மறுநாள் சிங்கப்பூரிலிருந்து பதில் வந்தது. உங்கள் பட்டியலையே நம்ப முடியாதென்றால் பூவை எப்படி நம்புவது என்று ஒரே வாக்கியம். மூன்று வருடப் பழக்கம் அதோடு நின்றுபோயிற்று.

திம்மராயன் சும்மா இருக்கவில்லை. பெட்டி பெட்டியாக ஒரு படிவம், எண்ணை அடித்து ஒரு பட்டனை அழுத்தினால் பட்டியல் அங்கேயே மாறும், போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று அதுவே சொல்லும். அப்படியொன்றைத் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு மறுபடி பெங்களூருக்கு போன் செய்தான். அவர்களுடைய கம்ப்யூட்டரில் வேறொருவர் எழுதிய புரோகிராமை ஓடவிட மாட்டார்களாம். எல்லாருடைய சைட்டும் அதே மெஷினில் இருக்கிறது, உங்கள் புரோகிராம் கெட்டால் அத்தனையும் கெடும் என்றான் அந்தக் கம்பெனிக்காரன். சரோஜம்மாள் தொட்டால் உடையும் என்று திம்மராயன் பயந்த அதே பயம்தான் அது.

பிப்ரவரி பிறந்ததும் சரோஜம்மாள் சொல்லிவிட்டார். "பட்டியல எடுத்துடு தம்பி. போட்டோவும் நம்பரும் போதும். வேணும்னா போன் பண்ணிக் கேக்கட்டும்."

"தெனம் காலைல நானே வந்து மாத்திக் குடுத்துட்டுப் போறங்கம்மா."

"எத்தினி நாளைக்கி வருவ?"

அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டியலை எடுத்தான். லைன் இரண்டு முறை அறுந்தது. மூன்றாம் முறை போயிற்று. ஓசூருக்குத் திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் ஏறி, அங்கிருந்த கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து பார்த்தான். போட்டோ இருந்தது. நம்பர் இருந்தது. கீழே பட்டியல் இருந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது.

மார்ச்சில் கிருஷ்ணகிரியிலிருந்து கிரானைட் பாலிஷ் போடும் கங்கப்பன் என்பவர் மாடியேறி வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், "கல்லு ரேட்டு அடிக்கடி மாறும் சார். அத நாங்களே மாத்திக்கலாம் இல்ல?" என்றார்.

திம்மராயன் பெட்டி பெட்டியாகப் படிவம் வரைந்து வைத்திருந்த தாளை எடுத்து மேஜைமேல் விரித்தான்.

"பாக்கலாங்க" என்றான்.