மேற்கு வாசலின் இரண்டாவது கதவு

சித்தூரில் எங்கள் பெரிய மாதா கோயில் மதிலுக்கு இரண்டு வாசல்கள். கிழக்கு வாசல் எல்லோருக்கும். மேற்கு வாசல் சாவுக்கு மட்டும். அதன் இரட்டைக் கதவில் ஒன்றை மட்டும் திறந்து சவப்பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போவார்கள். மதில் கட்டிய காலத்தில் சாலை மேற்குப் பக்கமாகத்தான் போனது. அதுவே முதல் தலைவாசல். நிலைக்கல்லில் சுண்ணாம்புக்கு அடியில் இருந்த ஆண்டை விரலால் தடவிக் கண்டுபிடித்தவன் நான்.

என் மகளின் கல்யாணத்தன்று காலை, சாக்கடைக்குத் தோண்டிய ஜேசிபி கிழக்கு வாசல் தூணை இடித்துவிட்டது. தூண் சாய்ந்து நின்றது. போலீஸ் கயிறு கட்டி யாரையும் விடவில்லை. மறுநாள் சாம்பல் புதன். அதன்பின் ஈஸ்டர் வரை எங்கள் கோயிலில் தாலி கட்ட மாட்டார்கள். பங்குச் சாமியார் மேற்கு வாசல் சாவியைக் கொடுத்தனுப்பினார். பெண்ணின் காரை மதிலைச் சுற்றி அங்கே கொண்டுபோனோம்.

மாப்பிள்ளையின் அம்மா வாசலை மறித்து நின்றார். அவரும் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர்தான்; கணவர் தவறி இரண்டு வருடம்.

"இன்னாண்ணா, பொண்ண சாவு வாசல்லயா இட்டுக்கினு வர்றீங்க?"

"இதான் சம்மந்தியம்மா, முதல்ல கட்டுன வாசல். வருஷமே கல்லுல இருக்குது." சாவியால் சுண்ணாம்பைச் சுரண்டிக் காட்டினேன்.

"பொண்ணோட அப்பா பாடம் எடுக்கிறாரு, எல்லாரும் உக்காருங்கப்பா" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, சிரித்தார்கள்.

சம்மந்தி சிரிக்கவில்லை. "எங்க வூட்டுக்காரரு பெட்டி இதுலதான் போச்சி. நான் பின்னாடியே வந்தேன். உங்க வருஷத்த நீங்களே வெச்சிக்கோங்க."

மகள் காரிலிருந்து இறங்கி அவரிடம் போனாள். "நான் எப்படி வரணும் அத்தை? நீங்களே சொல்லுங்க."

அவர் மூடியிருந்த இன்னொரு கதவைக் காட்டினார். "ரெண்டையும் தொறக்கச் சொல்லு. ஒத்தைக் கதவு பெட்டிக்கு."

இரண்டாவது கதவு திறந்து நான் பார்த்ததே இல்லை. தாழ்ப்பாள் துருவோடு ஒட்டியிருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா கருங்கல்லால் அடித்தார். சாமியாருக்கு அடுத்து பலமனேரில் பூசை. நேரமாகிறதென்று கோயில் உபதேசியார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஒருவழியாகத் தாழ்ப்பாள் விட்டது. கதவு மண்ணில் புதைந்திருந்தது. தோள் கொடுத்தோம், அசையவில்லை.

சம்மந்தி செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து இரண்டு கையையும் கதவில் வைத்தார். "தள்ளுங்கண்ணா, பாத்துக்கினு நிக்கிறீங்க!"

கதவு மண்ணைக் கீறிக்கொண்டு மதில்வரை போனது. துருப்படிந்த கையாலேயே அவர் என் மகளின் மணிக்கட்டைப் பிடித்து, இரண்டு கதவுக்கும் நடுவே உள்ளே கூட்டிப்போனார்.