இடைநின்றவர்கள் அறுபத்தொரு பேர்

டி.சி. பதிவேட்டைக் கிளார்க் மேசைமேல் போட்ட வேகத்தில் தலைமையாசிரியரின் தேநீர் சிந்தியது.

"இந்த அறுபத்தொரு பேரும் படிப்பை நிறுத்தலை சார். நான்தான் அப்படி எழுதினேன். நீங்க எழுதச் சொன்னீங்க."

"மெதுவா பேசுங்கம்மா. வெளியே ஆள் உக்காந்திருக்கு."

உட்கார்ந்திருந்தது ஒரு கொத்தனாரின் மனைவி. மகளுக்கு அறிவியல் பிரிவில் இடமில்லை என்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள். கணக்கில் தொண்ணூற்றிரண்டு வாங்கிய பெண். ஆனால் யார் பாதியில் நின்றுவிடுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்லும் கணினி, அவள் பெயருக்கு நேரே எண்பத்தொரு சதவீதம் என்று போட்டிருந்தது. நிற்கப்போகிறவளுக்கு எதற்கு ஆய்வகம்?

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பத்தொன்பது வருடமாகப் பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காக இருப்பவளுக்குத் தெரியும். கட்டட வேலை முடிந்தால் கூலித் தொழிலாளர்கள் தங்கும் லைன் வீடுகள் காலியாகும். பிள்ளைகள் அடுத்த ஊர்ப் பள்ளியில் சேரும். 'வேறு பள்ளிக்கு மாற்றம்' என்று எழுத மூன்று கையெழுத்தும் அந்தப் பள்ளியின் கடிதமும் வேண்டும். 'படிப்பை நிறுத்தினார்' என்றால் ஒரே முத்திரை. மூட்டையோடு நிற்பவர்களை எத்தனை நாள் அலைக்கழிப்பது? தலைமையாசிரியர் சொன்னபோது உதவி என்று நினைத்தே குத்தினாள். அதிகாரிகளின் பிள்ளைகளுக்கு மட்டும் மூன்று கையெழுத்தும் தாமாக வந்து சேர்ந்தன.

இந்தப் பதிவேட்டைக் கொடுத்து அந்தக் கணினியைப் பழக்கிய கம்பெனிக்காரர், மடிக்கணினியிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"மேடம், பாரபட்சம் வரக்கூடாதுன்னு தெருப் பேரு, அப்பா தொழில் ரெண்டையும் எடுத்துட்டோம். இப்ப அது யாரு எவருன்னே பாக்காது."

"எத்தனை பள்ளிக்கூடம் மாறினாங்கன்னு பாக்குமா?"

"அது பாக்கும்."

"மூணு வருஷத்துல நாலு பள்ளிக்கூடம் லைன் வீட்டுப் பிள்ளையைத் தவிர யாரு தம்பி மாறுவாங்க? அதைக்கூட விடுங்க. இவங்கதான் நின்னவங்கன்னு அதுக்குக் காட்டினதே பொய். பொய்யைப் படிச்சது வேற எதைச் சொல்லும்?"

"தொண்ணூத்திமூணு சதவீதம் சரியா சொல்லுது மேடம்."

"எதோட ஒத்துப் பாத்து?"

"உங்க பதிவேட்டோடதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"இதைக் கிளறினா, இத்தனை வருஷமும் பொய் எழுதினதா ஆகும்," என்றார் தலைமையாசிரியர். "உங்க வேலைக்கு நீங்களே உலை வெச்சுக்காதீங்க."

"ஆகுறதென்ன சார், எழுதினதுதான்."

பதிவேட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கொத்தனாரின் மனைவி எழுந்தாள்.

"அக்கா, காய்ச்சல்லகூட பள்ளிக்கூடம் வர்றவக்கா எம் பொண்ணு. அவ நின்னுடுவான்னு மிஷினுக்கு யாரு சொன்னது?"

"நான்தான்."

விவரத்தைக் கேட்டு முடித்ததும் அவள் பேச்சிலிருந்து 'அக்கா' போய்விட்டது. "உனக்குப் புள்ளகுட்டி இல்லையா? எம் பொண்ணு தலையில மண்ணள்ளிப் போட உனக்கு ஒரு முத்திரை போதுமா?"

கிளார்க் தன் நாற்காலியில் உட்கார்ந்து, அறுபத்தொரு பெயர்களையும் வரிசையாக எழுதினாள். 'இவர்கள் படிப்பை நிறுத்தியதாக நான் பதிந்தது தவறு. இதை வைத்து யாருக்கும் இடம் மறுக்கக் கூடாது' என்று அடியில் எழுதிக் கையெழுத்திட்டாள். கல்வி அலுவலகத்தில் அதை அவளே நேரில் கொடுத்து ரசீது வாங்கினாள். கொத்தனாரின் மனைவியும் கூடவே நடந்தாள், வழியெல்லாம் திட்டிக்கொண்டே.

மறுநாள் பத்து மணிக்குச் சேர்க்கைப் பட்டியல் ஒட்டினார்கள். அறிவியல் பிரிவில் ஓர் இடம் நிரப்பப்படவில்லை. எதிரே 'விசாரணையில்' என்றிருந்தது. பதினோரு மணிக்குக் கிளார்க்குக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. வாங்கிக்கொண்டாள். பிறகு அந்த அறுபத்தொரு பிள்ளைகளும் படிப்பதற்குச் சான்று தேடி, அவர்கள் போன பள்ளிகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்தாள். முதல் பள்ளியில் யாரும் எடுக்கவில்லை. இரண்டாவதில், அந்தப் பையன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான் என்றார்கள். மூன்றாவது எண் மாறியிருந்தது.