கயிறில்லாமல் வந்த பலகை

அறுபதுகளின் நடுவில் நான் சிதம்பரத்தில் ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் பிளான் வரைந்துகொண்டிருந்தேன். என் நண்பன் கடலூர் துறைமுகத்தில் லாஞ்சு, அதாவது மோட்டார் படகு, ஓட்டினான். கடலூரில் கப்பல் கரைக்கு வராது, கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். உப்பனாற்றுத் துறையிலிருந்து சரக்குப் படகுகளைக் கயிறு கட்டி அங்கே இழுத்துப் போவதும் திரும்பக் கொண்டுவருவதும் அவன் வேலை. அவன் முஸ்லிம், நான் ரெட்டியார் வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடத்திலிருந்தே ஒருவருக்கொருவர் மச்சான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு விஷயம் சொல்வதற்காக ரயிலேறிச் சிதம்பரம் வந்துவிட்டான்.

"மச்சான், நேத்து லாஞ்சுலேருந்து ஒரு பலகை தண்ணியில வுழுந்துடுச்சி. திரும்பிப் பாக்கறேன், பின்னாலேயே வருது. லாஞ்சு கெளப்பற அலை மேல உக்காந்துக்கிட்டு ஆத்துல பாதி தூரம் வந்துடுச்சி. கயிறும் இல்ல, ஒண்ணுமில்ல."

"காத்து தள்ளியிருக்கும்."

"எதிர்க்காத்துடா!"

அன்றைக்கு நான் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. பலகை வருமென்றால் அதன்மேல் ஓர் ஆள் வரமுடியாதா? டிராயிங் தாளைத் திருப்பிப்போட்டு வரைய ஆரம்பித்தேன்.

அலைமேல் பலகை வைத்து விளையாடும் வெளிதேசத்துக்காரர்களைப் பற்றி எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது மரமும் அளவும்தான். ஆறடி நீளத்தில் தேக்குப் பலகை ஒன்றை இழைத்து எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு கடலூர் போனேன். லாஞ்சை அவன்தான் ஓட்டவேண்டும், ஆகவே பலகைமேல் ஏறவேண்டியவன் நான். உப்பனாற்றில், லாஞ்சில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பலகைமேல் குப்புறப் படுத்தேன். லாஞ்சு வேகம் எடுத்ததும் பலகையின் மூக்கு தண்ணீருக்குள் குத்தியது. கூடவே நானும் போனேன். கரையில் மூட்டை தூக்குகிறவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

மூக்கை மேலே வளைக்கவேண்டும் என்று புரிந்தது. தேக்கு வளையுமா? தேயிலைப் பெட்டி உடைத்த மெல்லிய பலகை கொஞ்சம் கிடைத்தது. எங்கள் தெரு அரிசி மில்லில் நெல் அவிக்கிற அண்டாவில் அதை ஊறப்போட்டேன். மில்காரர், "என்னாங்க, பலகையா சாப்பிடப் போறீங்க?" என்று கேட்டார். சூட்டோடு வளைத்து, நடுவில் கட்டுமரத்துக்குப் போடுகிற லேசான மரத்தைக் கொடுத்து, மேலும் கீழும் ஒட்டினேன். படகுகளுக்குப் பூசுவது போலக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினேன்.

இந்தத் தடவை மூக்கு குத்தவில்லை. ஆனால் எழுந்து நின்றால் பலகை பக்கவாட்டில் வழுக்கியது. அடியில் மீன் துடுப்பு மாதிரி ஒரு கட்டையை வைத்ததும் அது அடங்கியது. கால் வழுக்காமலிருக்க மேலே பெயின்ட் அடித்து, ஈரம் காய்வதற்குள் மணல் தூவினேன். இத்தனைக்கும் பிறகு கயிற்றைப் பிடித்திருக்கும்வரை நின்றேன். விட்ட உடனே அலை என்னைத் தாண்டிப் போய்விட்டது. நாலு ஞாயிறு இப்படியே போனது. முழங்கால் இரண்டும் தோலுரிந்தன. உப்புத்தண்ணீர் குடித்துக் குடித்து நாக்கு மரத்துவிட்டது.

"பலகையில தப்பில்ல மச்சான்," என்றான் அவன், லாஞ்சின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு. "அலைதான் பத்தல. சரக்கு ஜாஸ்தியா ஏத்துன அன்னிக்கி இது பின்னால தாழ்ந்து போவும். அப்ப அலை இன்னும் ஒசரமா வரும்."

இருவரும் கோணிகளில் ஆற்றுமணல் அள்ளினோம். பதினெட்டு மூட்டை. எல்லாவற்றையும் லாஞ்சின் பின்புறம், அதுவும் இடது பக்கமாகவே அடுக்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் சின்னச்சின்னதாக இரண்டு அலை எதற்கு, ஒரே பக்கம் உருப்படியாக ஒன்று வரட்டுமே என்பது என் கணக்கு.

ஓதம் ஏறி ஆறு நிறைந்திருந்த காலை. லாஞ்சு ஒருபக்கம் சாய்ந்தபடி கிளம்பியது. அதன் இடது பின்மூலையிலிருந்து வழவழவென்று ஒரு அலை எழுந்து கூடவே வந்தது. கயிற்றைப் பிடித்து எழுந்து நின்றேன். முன்காலை அழுத்தினேன். பலகை தானே முன்னால் நகர்ந்தது. கையிலிருந்த கயிறு தொய்ந்து தண்ணீரில் விழுந்தது. அப்போதுதான் தெரிந்தது, யாரும் என்னை இழுக்கவில்லை.

"விடு மச்சான், விட்டுடு!" என்று அவன் கத்தினான்.

விட்டேன்.

வேகம் கூடினால் பின்காலை அழுத்தினேன், குறைந்தால் முன்காலை. குதிரையைப் போலப் பேச்சைக் கேட்டது நான் செய்த பலகை. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, சரக்குப் படகுகளைத் தாண்டி, சுங்கக் கட்டடத்தைத் தாண்டி, முகத்துவாரம்வரை நின்றபடியே போனேன். அன்று சிரித்த மூட்டைக்காரர்கள் கரையோடு ஓடிவந்தார்கள். நண்பன் சுக்கானை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் தலைத்துண்டை அவிழ்த்துச் சுழற்றினான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சத்தமாக என்னவோ கத்தினேன், என்ன வார்த்தை என்று இன்றுவரை தெரியாது.

திரும்பி வந்தபோது படித்துறையில் லாஞ்சின் முதலாளி நின்றிருந்தார். ஐம்பது வயது, நல்ல கனத்த உடம்பு, வெள்ளைத் தொப்பி. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். நண்பன் அவசரமாகத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டான். அவர் மணல் மூட்டைகளைப் பார்த்தார். என் பலகையைக் கையில் வாங்கி, புரட்டி, அடியிலிருந்த துடுப்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"இத யாரு செஞ்சது?"

"நான்தாங்க."

"நான் ஏறுனா தாங்குமா?"

"தாங்காதுங்க, பாய்."

"அப்ப தாங்கற மாதிரி ஒண்ணு செய்யி," என்றார். "நல்லா அகலமா. அடுத்த ஞாயித்துக்கெழம வரேன்."

நண்பன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். அன்று மத்தியானமே ரயிலேறினேன். சிதம்பரம் வருவதற்குள் டிக்கெட் அட்டையின் பின்புறத்தில் எட்டடிப் பலகை ஒன்றுக்கு அளவு குறித்து முடித்திருந்தேன்.