கயிறிழுப்பும் கந்தசஷ்டியும்

வேலேந்திய பெருமான் திருவடி துணை.

தீபாவளி விடுமுறை முடிந்து பணிக்குத் திரும்பிய எங்களுக்கு, கந்தசஷ்டித் திருநாளன்று மலேசியாவின் கிளாங் நகரக் கிடங்கில் குழு விளையாட்டுகள் நடந்தன. கயிறிழுப்பில் வெல்லும் அணி மூன்று மணிக்கே புறப்படலாம் என்றார் மேலாளர். வென்றால் சூரசம்ஹாரம் காணலாம்!

எனக்கு முன்னே நின்றவர் பண்டமாரான் கிளையிலிருந்து வந்த லோரி ஓட்டுநர். நெற்றி நிறையத் திருநீறு, விரதத்தால் உலர்ந்த உதடு. கயிற்றைத் தேர்வடம்போல் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அங்கிள், விட்டுடாதீங்க! வெற்றிவேல்!" என்று முழங்கினார். எங்கள் அணியின் மலாய், சீன நண்பர்களும் "வேல்! வேல்!" என ஆர்ப்பரிக்க, மெய்சிலிர்த்து இழுத்து வென்றோம்.

எதிரணியினர் முகம் வாடி நின்றனர். ஓட்டுநரோ மேலாளரிடம், "பாஸ், தோத்த சூரனையே முருகன் மயிலாவும் சேவலாவும் கூடவே வச்சுக்கிட்டாரு. இவங்களையும் விடுங்க லா!" என்றார். மேலாளர் வாய்விட்டுச் சிரித்து அனைவரையும் அனுப்பிவைத்தார்.

அவருடைய பசித்த வயிற்றில் அத்தனை உவகை எங்கிருந்து பொங்கியதோ, இன்றும் வியக்கிறேன். இதைப் படிப்போர் யாவருக்கும் அவ்வுவகையைக் கந்தவேள் அருள்க.