பக்கத்து அறைக்காரி எழுதிய கதை

போர்க்காலத்தில் கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் விசாவுக்காகக் காத்துக்கிடந்தவர்களில் நானும் ஒருத்தி. ஹோட்டலில் நடக்கிற நாவல்கள் என்றால் எனக்குப் பைத்தியம். எங்கள் லொட்ஜை வைத்து ஒன்று எழுதப்போகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். ஒரு வரிகூட எழுதவில்லை.

பக்கத்து அறை வதனி சத்தமில்லாமல் எழுதிவிட்டாள். ஞாயிறு பத்திரிகையில் வந்தது. குளியலறை வாசலில் நடக்கும் சண்டை, பொலிஸ் வந்தால் அடையாள அட்டையோடு எல்லோரும் படியில் நிற்பது, எல்லாம் நான் எழுத வைத்திருந்தவை. பிழை பிடிக்கவென்றே திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

அந்தக் கிழமையே எனக்குக் கனடா விசா கிடைத்தது. விசா கிடைத்தவர் லொட்ஜ் முழுக்க மீன் ரோல்ஸ் வாங்கிக் கொடுப்பது அங்கே வழக்கம். விசா மறுக்கப்பட்டிருந்த வதனியிடம் கடைசியாகத்தான் போனேன்.

"கதை பரவாயில்லை. முடிவுதான் சரியில்லை," என்றேன்.

"அப்ப கதையை நீங்கள் எடுங்கோ அக்கா. விசாவை எனக்குத் தாங்கோ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான்தான், ஒரு கணம், உண்மையாகவே யோசித்தேன்.

கனடாவுக்கு வந்துவிட்டேன். வதனி பிறகு என்ன ஆனாள் என்று விசாரிக்கவில்லை. அவளுடைய கதை மட்டும் வரிக்கு வரி பாடம். இன்றைக்கும் வயிறு எரிகிறது.